பாட மறுக்கப்பட்ட பாட்டு

திரைப்படத்தில் ஒலிக்கும் பாட்டுகளுள், அந்தப் படத்துக்கென்று இயற்றப்படாமல் அதற்கு முன்பே மக்கள் செவியில் பழகிப்போன பாட்டுக்குத் தனியான ஒரு வேலை உண்டு. புதிய பாட்டு தன் மெட்டையும் சொற்களையும் கேட்போர் மனத்தில் படியவைத்த பிறகே உணர்ச்சியைச் சுமக்க இயலும். பழைய பாட்டோ, கேட்பவரின் இளமையையும் ஊரையும் அதை முதலில் ஒலித்த வானொலிப் பெட்டியையும் உடன் அழைத்துக்கொண்டே திரைக்குள் நுழைகிறது. இந்தச் சொத்தை எடுத்த எடுப்பில் செலவழித்துவிடும் படங்களுக்குக் கைதட்டல் கிடைக்கும், அவ்வளவுதான். காதலைச் சொல்ல அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள், பாட்டை ஒலிக்கவிடுவதைக் காட்டிலும் ஒலிக்காமல் தடுத்துவைப்பதிலேயே கருத்தாக இருந்திருக்கிறார்கள்.

இதற்கு மிகத் தெளிவான சான்று, மைக்கேல் கர்ட்டிஸ் இயக்கத்தில் 1942இல் வெளிவந்த ‘காஸாபிளாங்கா’. அதில் இடம்பெறும் ‘ஆஸ் டைம் கோஸ் பை’ என்ற பாட்டு, ஹெர்மன் ஹப்ஃபெல்ட் 1931இல் ஒரு பிராட்வே இசைநாடகத்துக்காக எழுதியது. படத்துக்கு மூலமாக அமைந்த, அப்போது மேடையேறாமலே இருந்த நாடகத்தின் ஆசிரியர்களுள் ஒருவரான மரே பர்னெட், தமக்குப் பிடித்த அந்தப் பாட்டைக் கதைக்குள் கொண்டுவந்திருந்தார். பாரிஸ் நகரில் ரிக், இல்சா ஆகிய இருவரின் காதலுக்குச் சாட்சியாக இருந்த அதனை, பிரிவுக்குப் பின் காஸாபிளாங்காவில் விடுதி நடத்தும் ரிக், தன் பியானோக் கலைஞனான சாம் வாசிக்கவே கூடாதென்று தடுத்துவைத்திருக்கிறான். இன்னொருவரின் மனைவியாக அங்கு வந்துசேரும் இல்சா அதையே கேட்கிறாள். சாம் தயங்கித் தயங்கிப் பாட, அதட்டியபடி விரைந்து வரும் ரிக் அவளைக் காண்கிறான்.

கதைமாந்தரின் காதிலும் விழுகிற இசையைக் கதையுலக இசை என்றும், பார்வையாளருக்கு மட்டும் கேட்பதைப் பின்னணி இசை என்றும் பிரித்துக்கொண்டால், இக்காட்சியின் நுட்பம் விளங்கும். சாமின் குரலில் கதையுலக இசையாக இருந்த மெட்டு, இருவர் பார்வையும் சந்தித்த பின் இசையமைப்பாளர் மாக்ஸ் ஸ்டெய்னரின் வாத்தியக் குழுவுக்குள் புகுந்து பின்னணி இசையாகிவிடுகிறது. ஓர் ஆளையோ உறவையோ குறிக்கத் திரும்பத் திரும்ப வரும் இசைத்துணுக்கை அடையாள மெட்டு எனலாம். அவ்வாறு ஆனபின் அப்பாட்டின் சில சுரங்கள் ஒலித்தாலே போதும், வசனமின்றிப் பாரிஸ் திரும்பி வந்துவிடுகிறது. இத்தனைக்கும் ஸ்டெய்னருக்கு அந்தப் பாட்டு பிடிக்கவில்லை. அதை நீக்கிவிட்டுத் தாமே ஒன்றை இயற்ற விரும்பினார். ஆனால், பாட்டை மாற்றினால் அக்காட்சிகளை மீண்டும் எடுக்க வேண்டும்; நாயகி இங்கிரிட் பெர்க்மன் அடுத்த படத்துக்காகக் கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருந்ததால் மறுபடப்பிடிப்புக்கு வழியில்லாமல் போயிற்று. சாமாக நடித்த டூலி வில்சனும் பியானோ அறியாத டிரம்ஸ் கலைஞரே. அவர் பாட, வேறொருவர் வாசித்தார்.

இதே உத்தியைத் தமிழில் இன்னும் தூய வடிவில் கையாண்ட படம், சி. பிரேம்குமார் இயக்கிய ‘96’. தஞ்சாவூர்ப் பள்ளி வகுப்பறையில் இளையராஜாவின் பாட்டுகளைப் பாடும் ஜானு, உடன்படிக்கும் ராம் விரும்பிக் கேட்கும் ‘யமுனை ஆற்றிலே’ பாட்டை மட்டும் வேண்டுமென்றே பாடாமல் விடுகிறாள். வாலி எழுதி 1991இல் ‘தளபதி’ படத்தில் வந்த அப்பாட்டு, கண்ணனுக்காக ஆற்றங்கரையில் காத்திருக்கும் ராதையைப் பற்றியது. அந்தப் படத்தின் காதலர்களும் இறுதியில் சேர்வதில்லை. ஆகவே ‘தளபதி’யை அறிந்த பார்வையாளர், ஜானு வாய் திறப்பதற்கு முன்பே முடிவைப் பாதி அறிந்தவராகிவிடுகிறார். ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், சென்னையில் ராமின் வீட்டில் மின்சாரம் தடைப்பட்ட இருளில் அவள் அதைப் பாடத் தொடங்குகிறாள். அவன் பதறிக்கொண்டு ஓடிவருகிறான். ஜானுவுக்காக அதைப் பாடியவர் சின்மயி. பாட்டு ஒலிபெருக்கியிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வெறும் குரலாக வாழும் விதத்தை இவ்வளவு உண்மையாகக் காட்டிய தமிழ்க் காட்சிகள் குறைவு. இத்தகைய பயன்பாட்டை இளையராஜா 2019இல் கடுமையாகக் குறைகூறினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். படத்தின் இசையமைப்பாளரான கோவிந்த் வசந்தாவின் மெட்டுகள் நன்றாக இருந்தும், அந்த இருட்டில் புதுப்பாட்டு எதுவும் நின்றிருக்காது.

பழைய பாட்டின் இந்த வலிமையை, திரைக்கு வெளியே ‘காஸாபிளாங்கா’ பாட்டுக்கு நேர்ந்ததும் காட்டுகிறது. அப்படம் வெளிவந்தபோது அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்ட் முதல் ஒலிப்பதிவுகளை நிறுத்தி வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்ததால், படம் பார்த்தவர்கள் கேட்ட டூலி வில்சனின் குரல் அப்போது இசைத்தட்டாகக் கடைக்கு வரவில்லை. 1943இல் மக்கள் வாங்கிச்சென்றது, ரூடி வாலி 1931இல் பாடிப் பதிவுசெய்து, படத்தின் வெற்றியை ஒட்டி மறுவெளியீடு பெற்ற பழைய தட்டைத்தான்.