கல்யாணத்துக்குள் ஒளிக்கப்பட்ட பிள்ளைகள்

1990 ஒக்டோபரில் பிறந்த பிள்ளைக்கு 2008 ஒக்டோபரில் பதினெட்டு வயது. மன்னார் விடத்தல்தீவில் அடுத்தடுத்த வளவுகளில் அப்படி இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்திருந்தால், அவர்கள் வளர்ந்த விதம் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது. முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, அதே மாதம் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கைக்குழந்தையாகவே துரத்தப்பட்டுப் புத்தளம் பக்கம் வந்து சேர்ந்திருக்கும். தமிழ் வீட்டுப் பிள்ளை ஊரிலேயே நின்று, 2008 ஜூலையில் படையினர் விடத்தல்தீவைப் பிடிக்கும் வேளையில் குடும்பத்தோடு கிழக்கே நகர்ந்துகொண்டிருக்கும்.

வெளியேற்றத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இழந்த வீட்டையும் காணியையும் எழுதுவார்கள். பிள்ளைகளின் வயதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்தவர்களும், மற்ற ஊர்களிலிருந்து தரை வழியாக வந்தவர்களும் ஆலங்குடா, நுரைச்சோலை, புத்தளம் நகரைச் சுற்றிய தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில் போட்டார்கள். வெங்காயத் தோட்டத்திலும் மிளகாய்த் தோட்டத்திலும் நாட்கூலி. பசி இருந்தது, அவமானம் இருந்தது. ஆனால் இயக்கத்துக்குப் பிள்ளை கேட்டு யாரும் அந்தக் கொட்டில் வாசலுக்கு வரவில்லை.

புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் வந்தார்கள். 2006க்குப் பிறகு 'வீட்டுக்கு ஒரு பிள்ளை' என்பது கட்டளையாகவே ஆனது. படலையடியில் மோட்டார் சைக்கிள் நின்றால் தாய் முன்வாசலுக்கு வருவாள், பிள்ளை பின்பக்கத்தால் ஓடும். ஷெல்லுக்கு வெட்டிய பங்கர் பிள்ளையை ஒளிக்கவும் உதவியது. ஊரை விட்டுப் போகலாம் என்றால் பாஸ் வேண்டும். போனவர் திரும்புவார் என்பதற்கு இன்னொருவர் பிணை நிற்க வேண்டும். பிடித்துக்கொண்டு போன பெண் பிள்ளைகளுக்குத் தலைமயிரைக் கட்டையாக வெட்டிவிடுவார்கள். தப்பி வந்தாலும் அந்தத் தலையே காட்டிக்கொடுக்கும். 2003 முதல் 2008 முடிவு வரை புலிகள் சேர்த்த சிறுவர்களாக யுனிசெஃப் பதிவுசெய்த எண்ணிக்கை மட்டும் 6,000க்கு மேல். போர் முடிந்தபின் புனர்வாழ்வு பெற்று வீடு திரும்பிய சிறுவர்கள் 594 பேர். விரும்பிப் போனவர்களும் உண்டு என்பார்கள், உண்டுதான். படலையடியில் அழுத தாய்மாருக்கு அது பதிலாகாது.

பெற்றோருக்குத் தெரிந்த ஒரே கவசம் கல்யாணம். கட்டியவர்களைக் கொண்டுபோக மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி ஏறியது. பலருக்குப் பதிவு இல்லை. கடைசி மாதங்களில் அந்தக் கவசமும் செல்லாமல் போனது. போர் முடிந்த முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு, கணவன் செத்தானா காணாமல் போனானா என்று தெரியாமல், மனைவி என்று காட்டக் கடதாசியும் இல்லாமல், இருபது வயதைத் தாண்டாத பிள்ளைகள் கையில் குழந்தையோடு முகாம் வரிசையில் நின்றார்கள்.

புத்தளம் கரையில் ஆட்சேர்ப்பு இல்லை. இருந்தும் பெண் பிள்ளைகளின் பருவம் அங்கேயும் கல்யாணத்தில்தான் அடைபட்டது. ஒற்றை அறைக் கொட்டிலில் குமர்ப் பிள்ளையை வைத்திருக்கப் பயம், சாப்பாட்டுக்கு ஒரு வாய் குறையும் என்ற கணக்கு. வன்னியில் பிள்ளைகளைச் சேர்த்தது அநியாயம். 2006இல் தண்டனைச் சட்டமும் அதைக் குற்றமாக்கியது. கொட்டிலில் நடந்த கல்யாணத்துக்கோ சட்டமே கதவைத் திறந்து வைத்திருந்தது. நாட்டின் பொதுச் சட்டம் 1995இல் திருமண வயதைப் பதினெட்டாக்கியது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்தபட்ச வயது எதையும் வைக்கவில்லை. பன்னிரண்டுக்குக் கீழே என்றால் மட்டும் காதியாரின் அனுமதி வேண்டும்.

முஸ்லிம் சமூகம் தானாகவே திருந்தும், வெளியார் தலையிட வேண்டாம் என்கிறார்கள் சிலர். எவ்வளவு காலம் காத்திருப்பது? அந்தச் சட்டத்தைத் திருத்த 2009இல் அமைத்த குழு அறிக்கை கொடுத்தது 2018இல். 1990இல் கைக்குழந்தையாகக் கற்பிட்டிக்கு வந்தவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. அவளைப் பதினாறில் கட்டிக்கொடுத்திருந்தால், மகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் பருவம். அந்த மகளைப் போன்ற இன்னும் பல பிள்ளைகளைக் காக்க வைக்காமல், திருமண வயதை முஸ்லிம் சட்டத்திலும் பதினெட்டாக்கும் திருத்தத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்ற வேண்டும்.