எந்த பில்ட் டூலை எடுப்பது?

பைத்தானில் ஒரு லைப்ரரி எழுதி முடித்தவர் அடுத்து வந்து நிற்கும் இடம் இதுதான். செட்அப்டூல்ஸா, பொயட்ரியா, ஹேட்ச்சா, ஃபிளிட்டா, புதிதாக வந்த யூவியா? டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம். அவசரப்பட்டு எடுத்தால் கஷ்டப்படப்போவது நீங்கள் அல்ல, உங்கள் லைப்ரரியை இறக்கிக்கொள்கிற முகம் தெரியாத ஆள்.

இத்தனை டூல் ஏன் வந்தது என்று தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும். 2000 வாக்கில் பைத்தானோடு சேர்ந்தே வந்தது டிஸ்ட்யூட்டில்ஸ். 2004-இல் அதன் மேல் செட்அப்டூல்ஸ் எழுந்தது. இரண்டும் செட்அப்.பை என்ற கோப்பை நம்பியிருந்தன. அது விவரப் பட்டியல் அல்ல, ஓடுகிற நிரல். இந்த லைப்ரரிக்கு வேறு என்னென்ன வேண்டும் என்று பிப் தெரிந்துகொள்ளவே அதை ஓட்டியாக வேண்டும். ஆனால் ஓட்டுவதற்கு என்ன வேண்டும் என்பதும் அதற்குள்ளேதான் இருக்கும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. முதல் வரியிலேயே நம்பையை இம்போர்ட் செய்கிற செட்அப்.பை கோப்புகள் இருந்தன. நம்பை இல்லாத கணினியில் அவை அங்கேயே விழுந்தன.

பெப் என்று சொல்லப்படும் பைத்தான் முன்மொழிவுகளில் மூன்று இந்த முடிச்சை அவிழ்த்தன. கட்டுவதற்கு வேண்டியதை பைபிராஜெக்ட்.டாமல் என்ற கோப்பில் முன்கூட்டியே எழுதிவிடு என்றது 518. கட்டுகிற டூலோடு பிப் எப்படிப் பேச வேண்டும் என்று 517 வகுத்தது. பெயர், பதிப்பு, டிபென்டென்சி எல்லாவற்றையும் எல்லா டூலும் படிக்கிற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தது 621.

இதனால் ஒரே கேள்வியாக இருந்தது இரண்டாகப் பிரிந்துவிட்டது. தினமும் நீங்கள் கமாண்ட் அடிக்கிற டூல் ஒன்று. பேக்கேஜைக் கட்டித் தருகிற பேக்கெண்ட் வேறொன்று. யூவியில் வேலை செய்துகொண்டே செட்அப்டூல்ஸால் கட்டலாம். முதலாவது உங்கள் சௌகரியம், யாரையும் கேட்க வேண்டாம். இரண்டாவது அப்படியில்லை. டெபியனுக்கு உங்கள் லைப்ரரியைப் பேக்கேஜ் செய்கிறவர் இணையத் தொடர்பே இல்லாத சூழலில் மூலத்திலிருந்து கட்டுகிறார். உங்கள் பேக்கெண்ட் கேட்கிற ஒவ்வொன்றையும் அவர் தனித்தனியாகப் பேக்கேஜ் செய்து வைத்திருக்க வேண்டும். ஃபிளிட்டின் பேக்கெண்டான ஃபிளிட்-கோர் வேறு எதையும் கேட்பதில்லை என்பதால் எனக்கு அதன் மேல் தனி மதிப்பு உண்டு.

முழுக்க பைத்தானிலேயே எழுதிய லைப்ரரி என்றால் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். ஃபிளிட், ஹேட்ச்சின் பேக்கெண்டான ஹேட்ச்லிங், செட்அப்டூல்ஸ் எதுவானாலும் சரி. 621 வடிவத்தில் எழுதிவிட்டால் பின்னால் மாற்றுவதும் பெரிய வேலையில்லை.

சி, ஃபோர்ட்ரான், ரஸ்ட் என்று கம்பைல் செய்யும் நிரல் உள்ளே வந்தால்தான் விஷயம் கனக்கிறது. அப்போது பைத்தான் உலகில் எது பிரபலம் என்று பார்க்காமல், உள்ளே இருக்கிற மொழிக்கு எது பொருந்தும் என்று பாருங்கள். சைபையில் சி, சி++, ஃபோர்ட்ரான், சைத்தான் நான்கும் உண்டு. பல வருடம் டிஸ்ட்யூட்டில்ஸை நீட்டி வளைத்துச் சமாளித்துவிட்டு, 2022-இல் 1.9 பதிப்போடு மேசான் என்ற பில்ட் டூலுக்கு மாறினார்கள். 2023 அக்டோபரில் பைத்தான் 3.12 வந்தபோது டிஸ்ட்யூட்டில்ஸே நீக்கப்பட்டது, நம்பையும் 1.26-இல் மேசானுக்கு வந்துவிட்டது. சி++ நிரல் ஏற்கெனவே சிமேக்கில் கட்டப்படுகிறதென்றால் சைகிட்-பில்ட்-கோர், ரஸ்ட் என்றால் மட்டுரின்.

2021 பிப்ரவரியில் கிரிப்டோகிராஃபி லைப்ரரிக்கு நடந்ததைக் கொஞ்சம் கவனியுங்கள். 3.4 பதிப்பில் ரஸ்ட் நிரல் சேர்ந்தது. மெமரி பாதுகாப்புக்காக எடுத்த அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். முன்கூட்டியே கட்டிய வீல் கோப்புகளையும் வெளியிட்டார்கள். ஆனால் பழைய பிப்புக்குப் புதிய வகை வீலை அடையாளம் தெரியவில்லை. ஆல்பைன் லினக்ஸுக்கோ அன்று வீலே கிடையாது. இரு இடத்திலும் பிப் மூலத்திலிருந்து கட்டப் போனது, ரஸ்ட் கம்பைலர் இல்லாமல் நின்றது. ரஸ்ட் என்ற பெயரையே கேட்டிராதவர்களின் வேலை தடைபட்டது. கம்பைல் செய்யும் நிரலைச் சேர்க்கிறீர்கள் என்றால் லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றுக்கும் வீல் கட்டித் தரும் பொறுப்பும் சேர்ந்தே வரும். சிஐபில்ட்வீல் என்ற டூல் அந்தப் பாரத்தை நன்றாகவே தாங்கும்.

லைப்ரரியின் டிபென்டென்சிப் பதிப்புகளுக்கு மேல் வரம்பு போடாதீர்கள். உடைகிறது என்று நிச்சயமாகத் தெரிந்த பதிப்புக்கு மட்டும் போடுங்கள். பதிப்பைப் பூட்டிவைக்கும் லாக் ஃபைல் அப்ளிகேஷனுக்கு உரியது. உங்கள் லைப்ரரி இன்னும் பத்து லைப்ரரிகளோடு ஒரே இடத்தில் ஒத்துப்போக வேண்டியது.

இன்னொன்றும் இருக்கிறது, இது பைத்தானைத் தாண்டியது. 2024 மார்ச்சில் எக்ஸ்ஸெட் என்ற சுருக்க லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவு வைத்திருப்பது தெரியவந்தது. எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆன்ட்ரெஸ் ஃபிராயின்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். அந்தக் கதவைத் திறக்கும் பில்ட் ஸ்கிரிப்ட் வரி, கிட்டில் எல்லோரும் பார்க்கிற மூலத்தில் இல்லை. ரிலீஸுக்கென்று கட்டிய டார் கோப்பில் மட்டும் இருந்தது. தானாக உருவாகும் ஆயிரக்கணக்கான வரிகளை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை, அங்கேதான் ஒளித்திருந்தார்கள். அதனால் பில்ட் கோப்பு ஒரு மூச்சில் படித்துவிடக்கூடிய அளவில் இருக்கட்டும். ரிலீஸை உங்கள் மடிக்கணினியில் கட்டாமல், கிட் டேகிலிருந்து பொதுவில் ஓடும் சிஐயில் கட்டுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து பைபிஐ நம்பகமான வெளியீடு என்ற வசதியைத் தருகிறது. அதைப் பயன்படுத்தினால் நிரந்தர டோக்கனை எங்கும் ஒளித்துவைக்க வேண்டியதில்லை.

கடைசியாக, கட்டியதைச் சோதிக்கும் முறை. தமிழ்ச் சொல் பிரிக்கிற லைப்ரரி ஒன்று, உள்ளே சொற்பட்டியல் ஒரு டெக்ஸ்ட் கோப்பாக இருக்கிறது என்று வையுங்கள். உங்கள் கணினியில் ஓடும், ஏனென்றால் பைத்தான் அதைப் பக்கத்து ஃபோல்டரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. வீலுக்குள் அந்தக் கோப்பு போகவே இல்லை என்பது பயனருக்குப் பிழை வரும்போதுதான் தெரியும். நிரலை எஸ்ஆர்சி என்ற தனி ஃபோல்டருக்குள் வையுங்கள், வீலைக் கட்டுங்கள், புதிய விர்ச்சுவல் என்விரான்மென்டில் அதை நிறுவி டெஸ்டை ஓட்டுங்கள். கோப்பு விடுபட்டிருந்தால் பைபிஐக்குப் போவதற்கு முன்பே டெஸ்ட் காட்டிக்கொடுத்துவிடும்.