கேலி கேள்வியாயிற்று!

ஆசிரியர் கேள்வி கேட்கிறார். பத்துக் கைகள் உயருகின்றன. எழுந்தவன் திணறினால் மற்றவர்களுக்குக் கொண்டாட்டம்! எந்த ஊர் வகுப்பிலும் காணும் காட்சிதான்.

அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் 1971-ல் இது விபரீதமாயிற்று. அதுவரை தனித்தனியே படித்துவந்த வெள்ளையர், கறுப்பர், மெக்ஸிகோ வம்சத்தார் வீட்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் அமர்த்தினார்கள். அடிதடி மூண்டது. அதிகாரிகள் மனோதத்துவப் பேராசிரியர் எலியட் ஆரன்ஸனை அழைத்தார்கள்.

அவர் உபதேசம் செய்யவில்லை. (நல்லதாயிற்று. பிள்ளைகளுக்கு அது அலுத்துப்போன சரக்கு!) ஐந்தாம் வகுப்பை ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாக்கினார். எல்லா இனத்தாரும் ஒவ்வொரு குழுவிலும் இருந்தார்கள். பாடத்தையும் துண்டு துண்டாக்கி, ஆளுக்கு ஒன்று கொடுத்தார். பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சரின் வரலாறு பாடம் என்றால், பிள்ளைப் பருவம் ஒருவனிடம், நடுவயது இன்னொருவனிடம். மற்றவன் பங்கை அவன் வாயால் கேட்டே அறிய வேண்டும். பரீட்சையோ முழுப் பாடத்திலும்!

ஆங்கிலம் சரளமாக வராத மெக்ஸிகோ வம்சத்துச் சிறுவன் ஒருவன் தன் பங்கைச் சொல்லத் தடுமாறினான். வழக்கம்போல் கேலி எழுந்தது. பரீட்சை நெருங்குவதை மட்டும் நினைவூட்டினார்கள். அவ்வளவுதான்! கேலி செய்தவர்கள் பக்குவமாகக் கேள்வி கேட்கப் பழகினார்கள். சில வாரங்களில் அவனுக்குப் பேச்சு வந்தது. இவன் இவ்வளவு கெட்டிக்காரனா என்று அவர்களுக்கே வியப்பு.

இம்முறையில் படித்த சிறுபான்மைப் பிள்ளைகளின் மார்க்கு உயர்ந்தது. வெள்ளையர் பிள்ளைகளுக்கும் குறையவில்லை.

ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் கூடி ஒத்திகை பார்ப்பதும் உண்டு. அதனால் மந்தமானவனும் வெறுங்கையோடு தன் குழுவுக்குத் திரும்புவதில்லை.