கோணமாமலையும் நிழற்படமும்

மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி. கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல். ஒரு திணைக்குரிய ஒழுக்கம் மற்றொன்றினோடு மயங்குதல் உண்டெனினும், நிலங்கள் தம்முள் மயங்குவதில்லை என்பது தொல்காப்பியர் கருத்து. திருகோணமலையிலுள்ள சுவாமிமலையை நேரிற் கண்டவர்க்கு அவ்விதி சற்றே நெகிழ்ந்ததோ என்னும் ஐயம் எழும். அங்கே மலை கடலுக்குள் நடந்து சென்று நிற்கிறது. ஏறத்தாழ 400 அடி உயர்ந்த பாறையின் அடியை ஆழ்கடல் அலைக்கிறது.

ஏழாம் நூற்றாண்டிற் சம்பந்தர் இத்தலத்தைப் பாடினார். அவர் ஈழத்துக்கு வந்தாரல்லர். இராமேச்சரத்திலிருந்தே கோணமலையை வணங்கிப் பாடினார் என்கிறார் சேக்கிழார். ஆயினும் ஒலிக்கும் கடலும் அது கொழிக்கும் முத்தும் அப்பதிகத்தில் நம் கண்முன் வந்து நிற்கின்றன. நேரிற் சென்றும் காணாது திரும்புவோர் பலர் உள்ள இக்காலத்தில் இது சிந்திக்கத்தக்கது.

சென்ற மாசி மாதத்தில் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு அங்குச் சென்றேன். அவர்களிடம் கைபேசிகளும் ஒரு நிழற்படக் கருவியும் இருந்தன. விடியுமுன்பே கோட்டைக்குத் தெற்கே வளைந்து கிடக்கும் கடற்கரையில் நின்றோம். ஞாயிறு எழவும் பாறையின் கிழக்குப்புறம் செம்பொன்னாயிற்று. மேற்குப்புறம் இருளிற் கிடந்தது. ஒளியும் நிழலும் சந்தித்த அவ்வெல்லையே பாறையின் வெடிப்பையும் மடிப்பையும் புலப்படுத்தியது. வெயில் ஏறியபின் எடுத்த படங்களில் அவ்வடிவம் இல்லை. கல் மாறவில்லை, ஒளி மாறிற்று.

பின்னர்க் கோட்டை வாயிலை அடைந்தோம். 1620களிற் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தீனு த சா மலைமேலிருந்த கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினான். 1803இல் ஆங்கிலேயர் அதற்குப் பிரெடரிக் கோட்டை எனப் பெயரிட்டனர். அவ்வாயிலில் இணைக்கயற் சின்னமும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டொன்றும் உள. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் பின்னர் அழிப்பர் என்னும் வருங்காலக் கூற்றாக அறிஞர் அதனைப் படித்துள்ளனர்.

காவலிருந்த படைவீரரிடம் அனுமதி பெற்றுப் படமெடுத்தோம். நேராக ஒளி படும்போது எழுத்துகள் கல்லோடு கல்லாய் மறைந்தன. மாணவன் ஒருவன் தன் கைவிளக்கைப் பக்கவாட்டிற் பிடித்தான். ஒவ்வொரு கீற்றும் தன் நிழலோடு எழுந்தது. "ஐயா, ‘குள’ என்று தெரிகிறது!" என்று கூவினான். வகுப்பறையிற் பன்முறை நான் கூறியும் அவன் நெஞ்சிற் பதியாத குளக்கோட்டன், அன்று அக்கல்லிற் பதிந்தான்.

மலையுச்சியில் இராவணன் வெட்டு என வழங்கும் பெரும்பிளவு உண்டு. இலங்கை வேந்தன் தன் வாளால் வெட்டியது என்பது ஐதிகம். அதன் ஆழத்தைப் படத்திற் கொணர்வது அரிது. மேலிருந்து நோக்கும் கருவி ஆழத்தைத் தட்டையாக்கிவிடுகிறது. கீழே கடலிற் சென்ற மீன்பிடிப் படகொன்று சட்டத்துக்குள் வந்தபோதுதான் உயரம் விளங்கிற்று. அங்கே வந்தவருட் பலரோ பாறைக்கு முதுகுகாட்டித் தம் முகத்தையே எடுத்துக்கொண்டிருந்தனர். அவர்கள் கொண்டு சென்றது மலையையன்று.

நிழற்படம் வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்கு இம்மலையே சான்று. இடிபட்ட கோயிலின் தோற்றத்தை முழுதும் காட்டும் படம் நம்மிடம் இல்லை. 1950இல் அயலிற் கிணறு தோண்டியபோது பழைய திருமேனிகள் சில வெளிப்பட்டன. 1956இல் நிழற்படக் கலைஞர் மைக் வில்சன் இப்பாறையடியிற் கடலுள் மூழ்கினார். உடைந்த தூண்களும் செதுக்கிய கற்களும் அங்கே கிடந்தன. ஆதர் சி. கிளார்க் 1957இல் வெளியிட்ட நூலால் அச்செய்தி உலகறிந்தது. புதுக்கியெழுப்பிய கோயிலுக்கு 1963இற் குடமுழுக்கு நடந்தது. செவிவழிக் கதை என்று சிலர் ஒதுக்கியதற்குக் கடலடியிலிருந்து சான்று வந்தது.

உப்புக்காற்றும் மழையும் ஓய்வதில்லை. கோட்டை வாயிலின் எழுத்துகள் ஆண்டுதோறும் தேய்கின்றன. அவற்றைக் காத்தல் அரசுக்கும் அறிஞர்க்கும் உரிய கடன். பதிந்து வைத்தலோ கையிற் கருவியுள்ள ஒவ்வொருவராலும் இயல்வது. ஆசிரியர்கள் தம் மாணவரைத் தத்தம் ஊர்க் கற்களிடம் அழைத்துச் செல்க. எடுத்த படத்தோடு நாள், நேரம், திசை, கல்லின் அளவு ஆகியவற்றையும் குறித்துப் பள்ளி நூலகத்திற் சேர்த்து வைக்க. நாளை எழுத்து மறைந்தாலும், அதனைப் படிக்க விரும்பும் ஒருவனுக்கு அப்படம் கிடைக்கும்.