மூலிகை ஊசியும் பெண்ணுடலும்: ஒரு சமூகவியல் நோக்கு

மருந்தும் பண்டமாகிவிட்ட சமூகத்தில், ஒரு சிகிச்சை எவ்வாறு செயற்படுகின்றது என்ற வினாவோடு, அது யாருக்கு, எப்பெயரில் விற்கப்படுகின்றது என்ற வினாவையும் நாம் எழுப்புதல் வேண்டும். பருமனான பெண்களின் வயிற்றுக் கொழுப்பைக் குறைக்கவெனக் கூறப்படும் மூலிகைச் சாற்று ஊசிகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

தோலினுள் மருந்தைச் சிறுசிறு அளவாக ஏற்றும் முறையைப் பிரான்சிய மருத்துவர் மிஷேல் பிஸ்ரோர் 1952 இல் தொடக்கிவைத்தார். நோவு தணிக்க எழுந்த இம்முறை பின்னர் அழகுச் சந்தையினுட் புகுந்தது. கொழுப்பைக் கரைக்கும் ஊசிகளுட் பெரிதும் பேசப்பட்டது, சோயா அவரையிலிருந்து பெறப்படும் பொஸ்பற்றிடைல்கொலீன் ஆகும். ஆயின், கொழுப்புக் கலங்களைச் சிதைப்பதில் முதன்மையானது அத்தாவரப் பொருளன்று, அதனைக் கரைக்கச் சேர்க்கப்பட்ட பித்த உப்பே என்பதை 2004 இல் வெளியான ஆய்வுகூடப் பரிசோதனையொன்று காட்டிற்று. சவர்க்காரம் எண்ணெயைப் பிரிப்பதுபோல அது கலமென்சவ்வை உடைக்கின்றது. அப்பித்த அமிலத்தையும் ஐக்கிய அமெரிக்கா 2015 இல் மோவாயின் கீழுள்ள கொழுப்புக்கே அனுமதித்தது, வயிற்றுக்கு அனுமதிக்கவில்லை.

கொழுப்புக் குறைந்தால் நோய் குறையுமா என்பது அடுத்த வினா. வயிற்றுக் கொழுப்பு இருவகைப்படும்: ஒன்று தோலின் கீழுள்ளது, மற்றையது உள்ளுறுப்புகளைச் சூழ்ந்தது. நீரிழிவோடும் இதயநோயோடும் நெருங்கிய தொடர்புடையது பின்னதே. ஊசி எட்டுவதோ முன்னதை மாத்திரமே. ஐக்கிய அமெரிக்காவில் பருமனான 15 பெண்களின் தோலின் கீழிருந்து ஏறத்தாழ 10 கிலோகிராம் கொழுப்பு உறிஞ்சி அகற்றப்பட்டது. 10 முதல் 12 வாரங்களின் பின்னரும் இன்சுலினின் செயற்பாடோ குருதியமுக்கமோ சீரடையவில்லை என 2004 இல் அவ்வாய்வு அறிவித்தது. தோற்றம் மாறிற்று, சாரம் மாறவில்லை.

அச்சாரத்தை உடலுக்கு வெளியேயும் தேடுதல் வேண்டும். கொட்டியாரக் குடாவின் தெற்கே நெல் விளையும் தோப்பூரை எடுத்துக்கொள்வோம். குடாவுக்கு அப்பால், திருகோணமலைத் துறைமுகத்தில், 1977 இன் பின்னர் சிங்கப்பூர் மூலதனத்தால் நிறுவப்பட்ட மாவாலை 1980 முதல் இயங்கிவருகின்றது. கோதுமை விளையாத இந்நாட்டில், நெல்லூர்களின் உணவிலும் பாணும் சீனியும் நிலைபெற்றமை தனிமனித நாச்சபலத்தால் மட்டும் நேர்ந்ததன்று. உரலும் உலக்கையும் பெண்மீது சுமத்திய பாரத்தை அரிசி ஆலை நீக்கியமை வரவேற்கத்தக்கதே. ஆயினும், அவள் அச்சமின்றி நடக்கவும் விளையாடவும் வேண்டிய பொதுவெளியைச் சமூகம் அளிக்கவில்லை. நாடளாவிய கணிப்புகளில் ஆண்களைவிடப் பெண்களிடம் பருமன் மிகுந்து காணப்படுவதை இப்பின்னணியிலும் நோக்குதல் தகும்.

சமூகம் தோற்றுவித்த நோயின் பழியைப் பெண்ணுடல்மீது சுமத்தும் சந்தை, நிவாரணத்தையும் அவளுக்கே விற்கின்றது. ‘மூலிகை’ என்ற சொல் பரியாரிமீது மக்கள் கொண்ட நம்பிக்கையை அதற்கு இரவல் தருகின்றது. சித்த, யூனானி மரபுகள் உண்ணவும் பூசவும் மருந்து தந்தன. தோலுள் ஊசி ஏற்றுதல் அவற்றின் வழக்கன்று.

வணிகப் பெயரை நீக்கி மருந்தின் உண்மைப் பெயரைக் கேட்கும்படி இந்நாட்டுக்குக் கற்பித்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் அவரது முயற்சியால் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. மருந்துகளைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையும் 2015 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. குப்பியினுள் இருப்பது யாது, அது பதிவுபெற்றதா என்று கேட்பது ஊசிக்கு முன் நிற்கும் ஒவ்வொரு பெண்ணினதும் உரிமையாகும். அவ்வினாவைக் கூட்டாக எழுப்புமிடத்தே அது வலிமை பெறும்.