கோச்சி ஓடுகிறது, விளக்கு எரியவில்லையா?



வெளிநாட்டு உறவினர் அனுப்பிய மாதிரி ரயில் உங்கள் வீட்டு மேசையிலும் ஓடக்கூடும். அசல் எஞ்சினின் 87இல் ஒரு பங்கேயான அந்தச் சின்னக் கோச்சிக்கு, மகன் ஆசையோடு டிகோடர் பூட்டுகிறான். எஞ்சின் ஓடுகிறது, முன்விளக்கு மட்டும் எரியவில்லை. "டிகோடர் பழுது, புதிதாக ஒன்று வாங்குவோம்" என்கிறான். பணத்தை எடுத்துக் கொடுக்குமுன் சற்றுப் பொறுங்கள். பெரும்பாலும் பழுது டிகோடரில் இருப்பதில்லை.

டிகோடர் என்பது என்ன?

டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் ஏறத்தாழ 14, 15 வோல்ட் மின்சாரம் இருக்கும். கட்டளைகளும் அதனோடு சேர்ந்தே வரும். எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் தனக்குரிய கட்டளையைப் பிரித்தறிந்து, மோட்டாரையும் விளக்கையும் இயக்குகிறது. ஜேர்மனியின் லென்ஸ் நிறுவனத்தின் முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் இதற்குப் பொதுவிதி வகுத்தது. அதனால் வயர்களின் நிறங்களும் பொதுவானவை. சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, செம்மஞ்சளும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன்விளக்குக்கு, மஞ்சள் பின்விளக்குக்கு, நீலம் இரு விளக்குகளுக்கும் பொதுவான நேர்முனை.

குறையைக் கொண்டு காரணத்தை அறியுங்கள்

எஞ்சின் ஓடியும் விளக்கு எரியவில்லையா? முதலில் கட்டுப்பாட்டுக் கருவியில் விளக்குப் பொத்தானை (எஃப் 0) அழுத்திப் பாருங்கள். பிறகு 8 ஊசிப் பிளக்கைக் கவனியுங்கள். அதைத் தலைமாற்றிச் செருகினால் மோட்டார் ஓடும், ஆனால் எதிர்த்திசையில், விளக்கு எரியாது. கழற்றித் திருப்பிச் செருகினால் போதும்.

எல்.ஈ.டி. விளக்கா? அதற்கு முனை மாறக்கூடாது. நீண்ட கால் நீல வயருக்கும், குட்டைக் கால் வெள்ளை வயருக்கும் செல்ல வேண்டும். இடையில் 1000 ஓம் அளவான ஒரு தடையி (ரெசிஸ்டர்) கட்டாயம். தடையியின்றி இணைத்தால் எல்.ஈ.டி. கருகிவிடும். 1.5 வோல்ட் சிறுபல்பும் அப்படியே. தடையி இல்லாவிட்டால் கணத்தில் பியூஸாகிவிடும்.

வேகம் கூட்டக் கூட்ட விளக்கு எரிந்து அணைந்து எரிகிறதா? வயரில் குறையில்லை. கருவி 28 அல்லது 128 வேகப்படிகளில் பேச, டிகோடர் 14 படிகளில் கேட்கிறது. டிகோடரின் 29ஆம் இலக்க அமைப்பில் 2ஐக் கூட்ட வேண்டும். 4 என்றிருந்தால் 6 ஆக்குங்கள்.

விளக்கு மினுங்குகிறதா? தண்டவாளத்திலும் சக்கரத்திலும் அழுக்குப் படிந்திருக்கும். ஐசோபுரோபைல் அல்கஹோல் நனைத்த துணியால் துடையுங்கள். அது எளிதில் தீப்பற்றும்; அடுப்பருகே வேண்டாம். நன்றாகக் காய்ந்த பின்பே மின்சாரம் கொடுங்கள்.

உண்மையான ஆபத்து எங்கே?

பழைய எஞ்சின்களில் பல்பின் ஒரு முனை உலோகச் சட்டத்தோடு சேர்ந்திருக்கும். சட்டமோ தண்டவாள மின்சாரத்தைச் சுமக்கும். டிகோடர் பூட்டும்போது பல்பையும் மோட்டாரையும் சட்டத்திலிருந்து பிரித்துவிட வேண்டும். நீல வயரின் வெறும் முனை சட்டத்தில் பட்டால் டிகோடரே கருகக்கூடும். ஒவ்வொரு இணைப்பையும் இன்சுலேஷன் குழாயால் மூடுங்கள். எஞ்சினைத் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிட்டே வயரில் கைவையுங்கள். ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைப் பெரியவர்களே பிடிக்கட்டும்.

எஞ்சினின் மேல்மூடியைப் பூட்டுமுன், நிரல் தண்டவாளத்தில் வைத்து டிகோடரின் இலக்கத்தை வாசித்துப் பாருங்கள். அங்கே மின்னோட்டம் குறைவு. இணைப்பில் பிழையிருந்தாலும் பெரும்பாலும் டிகோடர் தப்பிவிடும். புதிய டிகோடரின் இலக்கம் 3 என்றே இருக்கும். வாசிப்புச் சரியாக வந்த பின்பு ஓட்டிப் பாருங்கள். பிள்ளையிடம் இந்த ஒழுங்கைச் சொல்லிக் கொடுங்கள். புதியது வாங்குமுன் பழையதைப் பரிசோதிக்கும் பழக்கம், ரயிலோடு மட்டும் நின்றுவிடாது.