சந்தேகம் வந்தால் நின்றுவிடும் ரயில்

பாம்பன் பாலத்துக்கு முன்னால் ரயில் நின்றுவிட்டால் ராமேஸ்வரம் தீவின் அக்காள்மடத்தில் யாரும் பதறுவதில்லை. காற்று ஏறியிருக்கும், அவ்வளவுதான். பாலத்தில் ஒரு காற்றுமானி உண்டு. காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டியதும் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும். ஸ்டேஷன் மாஸ்டரிடம் கெஞ்சியும் பயனில்லை, டிரைவருக்கு அவசரம் இருந்தும் பயனில்லை. கச்சான் காற்று தணிந்தால்தான் வண்டி நகரும். மனிதரைக் கேட்காமல் ரயிலை நிறுத்தும் ஒரு கருவியோடு இந்தக் கரை பழகி எவ்வளவோ காலமாகிவிட்டது.

அதனால்தான், சென்னையில் டிரைவர் இல்லாத மெட்ரோ வரப்போகிறது என்றதும் இங்கே எழும் “ஆளில்லாத வண்டியில் எந்த நம்பிக்கையில் ஏறுவது?” என்ற கேள்விக்குப் பதிலைப் பாம்பனிலிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் சென்னையில் என்ன நடக்கிறது என்பது. கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு 2015 ஜூன் 29-இல் முதல் மெட்ரோ ஓடியது. முதற்கட்டமும் விம்கோ நகர் வரையான நீட்டிப்பும் சேர்ந்து இன்று சுமார் 54 கிலோமீட்டர். இரண்டாம் கட்டம் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்: மூன்று பாதைகள், 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். மத்திய அமைச்சரவை 2024 அக்டோபர் 3-இல் இதற்கு ஒப்புதல் தந்தது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்கு ஒன்று, மாதவரத்திலிருந்தே சோழிங்கநல்லூருக்கு மற்றொன்று, கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாசுக்கு மூன்றாவது. இவற்றில் ஓடப்போகும் மூன்று பெட்டி ரயில்கள் டிரைவர் இல்லாமல் ஓடும் வகையில் கட்டப்படுபவை. முதல் ரயில் 2024 அக்டோபரில் பூந்தமல்லி பணிமனைக்கு வந்து சேர்ந்தது. 2025 மார்ச் 20-இல் பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் இடையே முதல் சோதனை ஓட்டம் நடந்தது.

சுரங்கம் தோண்டும் எந்திரங்களுக்கு மலைகளின் பெயரும் பறவைகளின் பெயரும் வைத்திருக்கிறார்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து தோண்டப் புறப்பட்ட எந்திரத்தின் பெயர் ஃபிளமிங்கோ. தனுஷ்கோடிக்குப் போகிற வழியில் ஆழமில்லாத நீரில் ஒற்றைக்காலில் நிற்கும் நம் பூநாரைதான் அது. மண்ணுக்கடியில் குடையும் இரும்புக்கு எவருக்கு இந்தப் பெயர் தோன்றியதோ!

டிரைவர் இல்லாத ரயில் என்ற சொல்லே கொஞ்சம் ஏமாற்றும் சொல். முதற்கட்ட மெட்ரோவின் முன் அறையில் ஆள் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் நிலையத்துக்கு நிலையம் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பிளாட்பாரத்தில் கணக்காக நிறுத்துவதும் ஏற்கெனவே எந்திரத்தின் வேலைதான். கதவைப் பார்ப்பதும், புறப்பட உத்தரவு கொடுப்பதும், ஏதேனும் கோளாறென்றால் கையில் எடுப்பதும் அவர் வேலை. உலக அளவில் இந்தப் படிகளைப் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை எண்ணுகிறார்கள். பூஜ்யம் என்றால் எல்லாமே டிரைவர் கண்ணை நம்பி. இரண்டாம் படியில் வண்டி தானாக ஓடும், ஆள் முன்னால் இருப்பார். மூன்றில் ஆள் பெட்டிக்குள் எங்கோ இருப்பார். நான்காம் படியில் ஆளே தேவையில்லை. பணிமனையில் காலையில் விழிப்பதிலிருந்து இரவு திரும்பிப் படுப்பது வரை வண்டி தானே செய்துகொள்ளும். சென்னை இரண்டிலிருந்து நான்குக்குத் தாவுகிறது. இந்தியாவில் டிரைவர் இல்லாத ரயில் முதலில் ஓடியது டெல்லியின் மெஜந்தா பாதையில், 2020 டிசம்பர் 28-இல்.

வண்டிக்குத் தான் இருக்கும் இடம் எப்படித் தெரிகிறது? மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையே ஒற்றைத் தண்டவாளம். ஒரு ரயில் பாலத்தில் இருந்தால் அது கரையேறும் வரை அடுத்த ரயில் காத்திருக்க வேண்டும். முன்வண்டி பாலத்தின் தொடக்கத்தில் இருக்கிறதா, முடிவில் இருக்கிறதா என்பது சிக்னலுக்கு முக்கியமில்லை. பாலம் ‘ஆளிருக்கு’ என்றால் ஆளிருக்குதான். பழைய ரயில்வே முழுக்க இப்படித் துண்டு துண்டாக வெட்டிய பாதைதான். ஒரு துண்டுக்கு ஒரு வண்டி.

புதிய முறையில் துண்டு கிடையாது. ஒவ்வொரு ரயிலும் சக்கரச் சுழற்சியை எண்ணியபடி, தண்டவாளத்தில் பதித்த அடையாளக் கருவிகளைக் கடக்கும்போது அந்தக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டே, ‘நான் இங்கே இருக்கிறேன், இந்த வேகத்தில் போகிறேன்’ என்று ரேடியோவில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். கட்டுப்பாட்டுக் கணினி பின்வண்டிக்குப் பதில் சொல்லும்: ‘இன்னும் இத்தனை மீட்டர் வரை வரலாம்.’ அந்த எல்லை முன்வண்டியோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கும். ராத்திரிக் கடலில் விசைப்படகுகள் ஒன்றின் வலை மீது ஒன்று ஏறாமலிருக்க மைக்கில் ஒருவருக்கொருவர் இடம் சொல்லிக்கொள்வதைப் போலத்தான். ஒரு வேறுபாடு உண்டு. படகில் மைக் கோளாறானால் தொழில் நடக்கும். இங்கே பேச்சு அறுந்தால், அந்தக் கணமே பிரேக்.

இந்த முழு ஏற்பாட்டின் உயிர் இருப்பது அந்தக் கடைசி விதியில்தான். எந்திரம் கெட்டிக்காரத்தனமாக ஓடுவது இரண்டாம் பட்சம். தெரியாதபோது ஓடாமலிருப்பதே முதல் வேலை. கம்பி அறுந்தாலும், மின்சாரம் போனாலும், கணினி இரண்டு விதமாகக் கணக்குச் சொன்னாலும், பதில் ஒன்றே: நில்.

இதன் அருமை வேறெந்த ஊரையும்விட இந்தத் தீவுக்குத் தெரியும். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய பாசஞ்சர் ரயில், ஊரை நெருங்கும்போது சிக்னல் இல்லாமல் நின்றது. புயலில் எல்லாம் செத்துக் கிடந்தது. காத்திருந்துவிட்டு, நீண்ட விசில் கொடுத்துவிட்டு, இருட்டுக்குள் முன்னேறியது என்பதே இங்கே இன்றும் சொல்லப்படுவது. அலை மொத்த வண்டியையும் அள்ளிச் சென்றது. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். நின்றிருந்தாலும் அந்தக் கடல் விட்டு வைத்திருக்குமா என்று தெரியாது. அந்த டிரைவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. சிக்னல் இல்லாதபோது போவதா நிற்பதா என்ற முடிவை ஒரு தனி மனிதரின் தலையில், அப்படிப்பட்ட இரவில், சுமத்தியிருந்தோம் என்பது மட்டும் நிச்சயம்.

அதே புயல் பாம்பன் பாலத்தையும் பிய்த்தெறிந்தது. கடலில் விழுந்த தூலங்களை மீட்டு, 46 நாளில் பாலத்தைத் திரும்ப நிறுத்தியவர் தெற்கு ரயில்வேயின் இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன். பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவர். சென்னை முதற்கட்டத்தின் திட்ட அறிக்கையைத் தயாரித்ததும் டெல்லி மெட்ரோ நிறுவனம்தான். இந்தியாவின் மெட்ரோ கதைக்கு ஒரு வேர் பாம்பன் கால்வாயில் இருக்கிறது என்று நான் சொன்னால் ஊர்ப்பாசம் என்று தள்ளிவிட வேண்டாம்.

டிரைவர் இல்லாத ரயில் உலகுக்குப் புதிதல்ல. ஜப்பானின் கோபே நகரில் 1981-இல், பிரான்சின் லீல் நகரில் 1983-இல், கனடாவின் வான்கூவரில் 1985-இல் அது ஓடத் தொடங்கிவிட்டது. வான்கூவரின் அதே தொழில்நுட்பத்தில் கோலாலம்பூரின் கிளானா ஜெயா பாதை 1998-இல் வந்தது. துபாய் மெட்ரோ 2009 செப்டம்பர் 9-இல். ராமநாதபுரம் மாவட்டத்தில் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன சபுராளி இல்லாத தெரு உண்டா? சென்னைக்காரர் இன்னும் ஏறாத வண்டியில் நம் ஊர்க்காரர்கள் வருடக்கணக்கில் வேலைக்குப் போய் வருகிறார்கள்.

சிங்கப்பூரின் வடகிழக்குப் பாதையை எடுத்துக்கொள்வோம். லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் நிலையங்கள் இதில்தான் வருகின்றன. 2003 ஜூன் 20-இல் ஓடத் தொடங்கியபோதே டிரைவர் கிடையாது. 16 நிலையங்களில் இரண்டு, கட்டி முடித்த பிறகும் கூட்டம் போதாது என்று மூடியே கிடந்தன. அவற்றில் ஒன்றான புவாங்கோக் நிலையத்தைத் திறக்கச் சொல்லி, 2005-இல் அமைச்சர் வந்த நாளில் அங்குள்ளவர்கள் அட்டையில் வெட்டிய வெள்ளை யானைகளை வரிசையாக நட்டு வைத்தார்கள். அடுத்த ஜனவரியில் நிலையம் திறந்தது. ரயில் தானாக ஓடினாலும் கதவு தானாகத் திறந்துவிடுவதில்லை.

அங்கே 2016-இல் நடந்தது துப்பறியும் கதைக்குச் சமம். வட்டப்பாதையில் ஓடும் தானியங்கி ரயில்கள் காரணமே தெரியாமல் நடுவழியில் அவசர பிரேக் போட்டு நின்றன. ஆகஸ்டில் சில நாள், மறுபடி நவம்பரில். வெவ்வேறு ரயில்கள், வெவ்வேறு இடங்கள். அரசின் தரவு ஆய்வாளர்கள் ஒவ்வொரு நிறுத்தத்தையும் நேரம், இடம் என்று தாளில் புள்ளியாக வைத்தார்கள். கோளாறு ஓரிடத்தில் இல்லை, அது பாதையில் நகர்ந்துகொண்டிருந்தது. நின்றுபோன ரயில்களுக்கு எதிர்த்திசையில் வந்த ஏதோ ஒன்று அது. கடைசியில் பி.வி.46 என்ற ஒரே ஒரு ரயில் மாட்டியது. அதன் பழுதான கருவி, பக்கத்தில் வரும் ரயில்களின் ரேடியோ பேச்சைக் குலைத்துக்கொண்டிருந்தது. பேச்சு அறுந்த ரயில்கள் தங்களுக்குச் சொல்லித் தந்தபடி நின்றன. பயணிகளுக்குப் பெரிய தொல்லைதான். ஆனால் அந்த விதி வேலை செய்தது.

விதி மீறப்பட்ட இடங்களும் உண்டு. ஜப்பானின் யோகோஹாமாவில் 2019 ஜூன் 1-இல் தானியங்கி ரயிலொன்று முன்னே போவதற்குப் பதில் பின்னே ஓடிப் பாதை முடிவிலுள்ள தடுப்பில் மோதியது. பத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். திசை சொல்லும் கம்பி அறுந்திருந்தது. மோட்டார், திசை தெரியவில்லையே என்று நிற்காமல், முந்தைய திசையிலேயே ஓடியது. காற்றுமானியின் கம்பி அறுந்தால் சிக்னல் பச்சையிலேயே நிற்கும்படி பாம்பனில் வைத்திருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் அங்கே நடந்தது. கோலாலம்பூரில் 2021 மே 24-இல் நடந்தது நேர்மாறு. காலி ரயிலொன்றை ஒருவர் கையால் ஓட்டி வந்து, பயணிகளோடு இருந்த தானியங்கி ரயிலோடு சுரங்கத்தில் நேருக்கு நேர் மோதினார். 200-க்கும் மேற்பட்டோர் காயம். ‘ஆள் இருந்தால் பத்திரம்’, ‘எந்திரம் என்றால் பத்திரம்’ என்ற இரண்டு பேச்சையும் இந்த இரண்டு விபத்துகளோடு சேர்த்துக் கேட்பது நல்லது. ஆபத்து, எந்திரமும் ஆளும் கைமாற்றிக்கொள்ளும் வாசலில்தான் அதிகம் காத்திருக்கிறது.

நிலையங்களும் இதற்காகவே மாறுகின்றன. டிரைவர் இல்லையென்றால் தண்டவாளத்தில் விழுந்தவரைப் பார்க்கக் கண் இல்லை. ஆகவே விழவே விடக்கூடாது. பிளாட்பார ஓரத்தில் கண்ணாடித் தடுப்பு, ரயில் கதவுக்கு நேராக அதற்கும் கதவு. இரண்டும் சேர்ந்தே திறக்கும், இரண்டும் மூடினால்தான் வண்டி புறப்படும். முதற்கட்டத்தில் இது சுரங்க நிலையங்களில் மட்டும் இருந்தது. இரண்டாம் கட்டத்தில் மேம்பாதை நிலையங்களிலும் இடுப்பளவுத் தடுப்பு வருகிறது. நடுச்சுரங்கத்தில் வண்டி நின்றுவிட்டால்? பெட்டியில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் பேசுவார், கேமராவில் பார்ப்பார். முன்னறையில் இருந்த மனிதர் காணாமல் போகவில்லை, கட்டடத்தின் உள்ளறைக்கு இடம் மாறியிருக்கிறார். தொடக்க காலத்தில் வண்டியிலேயே ஒருவரை ஏற்றி வைப்பதும் பல ஊர்களில் உள்ள வழக்கம்தான். முதன்முறை மெட்ரோ ஏறும் வயதானவருக்குப் பொத்தானைவிட மனித முகம் உதவும். பிளாட்பாரத்தில் ஆட்களைக் குறைக்கிற எண்ணம் யாருக்காவது இருந்தால், அதைத்தான் நான் எதிர்ப்பேன்.

இன்னொன்று. தானாக ஓடுகிறது என்பதால் அடிக்கடி ஓடும் என்று அர்த்தமில்லை. பெங்களூரின் மஞ்சள் பாதை 2025 ஆகஸ்டில் திறந்தபோது, டிரைவர் இல்லாமல் ஓடக்கூடிய ரயில்களில் கையிருப்பு மூன்றே மூன்று. டிரைவரோடுதான் ஓடின; 25 நிமிடத்துக்கு ஒன்று. தானியங்கியின் உண்மையான லாபம், கூட்டம் ஏறினால் உடனே இன்னொரு வண்டியை இறக்கிவிட முடிவதில் இருக்கிறது. பணிமனையில் வண்டியே இல்லையென்றால் எதை இறக்குவது? சென்னைக்கும் இதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

நம் ஊர்க்காரருக்கு இதில் என்ன? புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறந்த அன்றே ராமேஸ்வரத்துக்கும் தாம்பரத்துக்கும் ஒரு ரயில் விட்டார்கள். 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி, பழைய பாலத்தில் ஆட்கள் நெம்பித் திறந்தது போலில்லாமல், மோட்டாரில் நேராக 17 மீட்டர் மேலே ஏறுகிறது; அது இறங்கிப் பூட்டிக்கொள்ளாமல் ரயிலுக்குப் பச்சை விழாது. தாம்பரத்தில் இறங்குபவர் போரூருக்கோ பூந்தமல்லிக்கோ போக வேண்டுமென்றால், மெட்ரோ பாதை கட்டி முடிந்த பிறகு, மின்சார ரயிலில் கோடம்பாக்கம் வந்து மெட்ரோவுக்கு மாறலாம். வடபழனியைத் தாண்டியதும் ஆழ்வார்திருநகர், வளசரவாக்கம் பக்கம் இரண்டு மெட்ரோ பாதைகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஈரடுக்குப் பாலத்தில் போகும்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் முதல் பெட்டியில் ஏறப் பாருங்கள். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் டிரைவர் அறை இருந்திருக்க வேண்டிய இடத்தில் பயணிகள்தான் நிற்கிறார்கள். முன்கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு குழந்தைகள் சுரங்கத்தைப் பார்த்தபடி வருவார்கள். பாம்பன் பாலம் வந்ததும் கதவோரத்துக்கு ஓடுகிற நம் பிள்ளைகளுக்கு அந்த இடத்தை யாரும் காட்ட வேண்டியிருக்காது.